டிராயரில் கிடந்த ஆறு பேட்ஜ்கள்

எக்ஸ்ரே பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் சங்க மலருக்கு அனுபவ அறிவுரையாக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். இரண்டு பக்கம் இனிமையாக எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்றுதான் நானும் இருந்தேன். போன மாதம் உங்கள் பிரிவுக்கு வந்தபோது, வீட்டு முகவரி எழுதிக் கொடுக்கப் பேனா தேடி அந்த மேசை டிராயரை இழுக்கும் வரைக்கும்.

உள்ளே ஒரு ஸ்டேப்ளர், பாதி பிஸ்கட் பாக்கெட், நான்கு பேட்ஜ். பேட்ஜுக்குச் சொந்தக்காரர்கள் நான்கு பேரும் பக்கத்து அறையில் நோயாளிகளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். இதென்ன என்று கேட்டேன். படம் எடுத்துவிட்டு வந்த உங்களில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"போட்டா ரீடிங் வந்துருதுங்க மேடம். அப்புறம் லெட்டரு, விளக்கம்னு ஒரே ரோதனைங்க. உள்ள வெச்சுட்டா நிம்மதிங்க."

கத்த வேண்டும்போல் இருந்தது. விருந்தாளியாய் வந்த இடத்தில் கத்தக் கூடாதென்று டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். குன்னூர் வந்து இறங்கும் வரை பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. அவள் சொன்ன அதே வார்த்தையை, அதே சிரிப்போடு, நானே ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். ஆகவே இனிமையாக எழுத வராது. பொறுத்துக்கொள்ளுங்கள், அல்லது பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

பேட்ஜ் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். மலரை வாங்கிப் படிக்கும் உங்கள் வீட்டாருக்காகச் சொல்கிறேன். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு சதுரம். எக்ஸ்ரே வேலை செய்கிறவர் அதை நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும். கதிர்வீச்சுக்குத் தடுப்பாக நாங்கள் மாட்டிக்கொள்ளும் ஈயக் கவசத்துக்கு உள்பக்கமாக அது இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைச் சோதனைக்கு அனுப்புவார்கள். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது சொல்லும். அது யாரையும் காப்பாற்றாது. பார்த்ததைச் சொல்லும், அவ்வளவுதான் அதன் வேலை.

நான் வேலைக்குச் சேர்ந்த மலை ஆஸ்பத்திரியின் பெயரையும், எனக்கு மேலிருந்தவர்களின் பெயர்களையும் இங்கே சொல்லப்போவதில்லை. அவர்களைக் காப்பாற்றுவதற்காக அல்ல. பெயர் சொன்னால், ஓ அந்த ஆளா, அவர் அப்படித்தான் என்று நீங்கள் தப்பித்துக்கொள்வீர்கள்.

எனக்கு வேலை பழக்கியவர் கெட்டிக்காரர். படுத்த படுக்கையாகக் கிடப்பவரைக்கூட வலிக்காமல் திருப்பி, ஒரே படத்தில் வேலையை முடிப்பார். முதல் நாளே என் பேட்ஜை வாங்கி டிராயருக்குள் போட்டு, "இது பத்திரமா இருக்கணும்மா, தொலைஞ்சா பதில் சொல்ல முடியாது" என்றார். மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட் வந்தது. எல்லார் பெயருக்கு நேரேயும் பூஜ்யம். அவர் அதைச் சுவரில் ஒட்டினார். பூஜ்யம் வாங்கியதற்காக நாங்கள் சந்தோஷப்பட்டோம். பள்ளிக்கூடத்தில் வாங்கியிருந்தால் அப்பா தோலை உரித்திருப்பார், ஆஸ்பத்திரியில் வாங்கினால் நல்ல பெயர்.

அவர் ஓய்வு பெற்றதும் பொறுப்பு என்னிடம் வந்தது, டிராயர் சாவியும் சேர்ந்து வந்தது. அப்போது நாங்கள் ஏழு பேர். டிராயரில் ஆறு பேட்ஜ் கிடந்தது.

ஏழாவது பேட்ஜ் முருகேசனுடையது. இவன் பெயரை மட்டும் சொல்கிறேன், காரணம் பிறகு தெரியும். மஞ்சூர்ப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவன். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். எலும்பு ஆபரேஷன் நடக்கும் தியேட்டரில் சி-ஆர்ம் என்று ஒரு எக்ஸ்ரே மெஷின் இருக்கும். டாக்டர் கம்பியைச் சொருகச் சொருக, உள்ளே எலும்பு எப்படி இருக்கிறதென்று திரையில் உடனுக்குடன் காட்டும். அதை இயக்குவது முருகேசனின் வேலை. எங்களுக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பட்டனை அழுத்தினால் போதும். அவன் கதிர் சிதறும் இடத்திலேயே நிற்க வேண்டும். ஆள் பற்றாக்குறையில் நோயாளியின் காலை இழுத்துப் பிடிப்பதும் அவன்தான். மிதித்திருக்கும் வரை கதிர் வந்துகொண்டே இருக்கும் பெடலில் வைத்த காலை எடுக்க டாக்டர் மறந்துவிடுவார். இவன் மரியாதையாக, "சார், கால்" என்பான்.

பேட்ஜை ஒரு நாளும் கழற்ற மாட்டான். மெடல் வாங்கியவர் வந்துவிட்டார் என்று கேலி செய்வோம். "குடுத்தத போடாம இருக்கலாமுங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போவான். நாங்கள் இன்னும் கொஞ்சம் சிரிப்போம்.

தியேட்டரில் இருந்த பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன். ஈயக் கவசம் இரண்டு. புதியது டாக்டருக்கு, பழையது முருகேசனுக்கு. கவசத்தை மடிக்கக் கூடாது, தொங்கவிட வேண்டும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். எங்கள் தியேட்டரில் அதை நாலாய் மடித்து ஸ்டூலின் மேல் வைப்பார்கள். கழுத்துக்கு மாட்டும் ஈயப் பட்டையைக் காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்கக் கீழே முட்டுக் கொடுத்திருந்தார்கள். கண்ணுக்கு ஈயக் கண்ணாடி கேட்டு நான் வருடந்தோறும் எழுதினேன், வருடந்தோறும் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். வரவேற்பறைக்கு மீன்தொட்டி மட்டும் அந்த வருடமே வந்தது.

ஒரு மழைக்காலம். மேட்டில் வழுக்கி விழுந்தவர்கள், காட்டெருமை முட்டியவர்கள், பள்ளத்தில் சாய்ந்த ஜீப்பில் இருந்தவர்கள் என்று எலும்பு முறிவு ஓயாமல் வந்துகொண்டிருந்தது. மூன்று மாதமும் முருகேசன் தியேட்டரிலேயே கிடந்தான். அதன் பிறகு வந்த ரிப்போர்ட்டில் ஆறு பூஜ்யம், அவன் பெயருக்கு நேரே மட்டும் பெரிய எண். கூடவே ஒரு கடிதம். இது உண்மையிலேயே உடம்பில் பட்டதா, இல்லை பேட்ஜை அறைக்குள் விட்டுவிட்டதால் ஏறிய எண்ணா, விசாரித்துப் பதில் எழுதவும்.

பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். எங்கள் மருத்துவமனையின் தலைமை அவர்தான். மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி போகாத வாரம் அது. தொடை எலும்பு முறிந்த, தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் வார்டில் படுத்திருந்தாள். மறுநாள் காலை அவளுக்கு ஆபரேஷன்.

"உடம்புல பட்டதுன்னு எழுதினா முருகேசனை அந்த வேலையிலருந்து நிறுத்தி வைக்கணும். மெஷினையும் கவசத்தையும் பரிசோதிக்க ஆள் வருவாங்க. அதுவரைக்கும் தியேட்டரை மூடணும். மூடட்டுமாம்மா? அந்தப் பொம்பளைகிட்ட நீங்களே போய்ச் சொல்றீங்களா?" என்றார்.

நான் அந்தப் பெண்ணை நினைத்தேன் என்றுதான் வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அவளை நினைத்தது உண்மை, ஆனால் அது இரண்டாவதாக வந்த நினைப்பு. முதலில் வந்த நினைப்பு டிராயர். பரிசோதிக்க வருகிறவன் மற்ற பேட்ஜ்கள் எங்கே என்று கேட்டால்? ஒழுங்காக இருந்த ஒருவனால் ஒழுங்கில்லாத ஆறு பேர் மாட்டிக்கொள்ளப் போகிறோம், அந்த ஆறு பேருக்கும் நான் பொறுப்பாளி. அந்தப் பயத்தில் என் கை தானாகவே எழுதியது. ஊழியர் தமது கவனக்குறைவால் பேட்ஜை எக்ஸ்ரே அறையில் மறந்து விட்டுச் சென்றதால் இந்த அளவு பதிவாகியுள்ளது, இனி இவ்வாறு நேராது.

முருகேசன் படித்துப் பார்த்தான்.

"அக்கா, நா எங்கயும் உடலீங்களே. நெஞ்சுலதானுங்க இருந்துச்சு."

"எனக்குத் தெரியும்டா. ஒரு கையெழுத்துதான். இதோட முடிஞ்சுது."

"கவனக்குறைவுன்னு போட்டிருக்குதுங்க."

"எல்லாரும் அப்படித்தான் எழுதறது. போடுப்பா, தியேட்டர்ல ஆள் காத்துட்டிருக்காங்க."

போட்டான். என்னை நம்பிப் போட்டான். மறுநாள் ஆபரேஷன் நடந்தது, அந்தப் பெண் பிறகு நடந்தே வீட்டுக்குப் போனாள். இந்த மாதிரி முடிவுகளில் உள்ள விஷமே இதுதான், உடனடியாக ஒரு நல்லதும் நடந்துவிடும். நல்லது கண்ணுக்குத் தெரியும். மற்றது தெரிய வருடக்கணக்காகும்.

அடுத்த வாரம் டிராயரைத் திறந்தேன். ஏழு பேட்ஜ் கிடந்தது. நான் அவனிடம் எதுவும் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. அவனே புரிந்துகொண்டான். உண்மை சொன்ன பேட்ஜுக்கு நாங்கள் கொடுத்த மரியாதையைப் பார்த்துவிட்டான். அதன் பிறகு அவனுக்கும் பூஜ்யம்தான், வருடக்கணக்கில்.

பத்துப் பதினோரு வருடம் போனது. அவனுக்கு நாற்பத்து நான்கு வயது. ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும், படங்களைக் கொடுக்க என் அறைக்கு வந்தவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "இன்னிக்கும் பனி எறங்கிருச்சுங்களா அக்கா?" என்றான். நான் திரும்பிப் பார்த்தேன். வெளியே நல்ல வெயில், எதிர் மேட்டில் கொழுந்து பறிப்பவர்களின் தலைத்துணி நிறம்கூடத் தெரிந்தது.

இந்த மலையில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு இது. கீழ்நாட்டில் ஒருவனுக்குப் பார்வை மங்கினால் மறுநாளே கண் டாக்டரிடம் ஓடுவான். இங்கே மங்கலாய்த் தெரிவது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். மாதக்கணக்காக அவன் பனி என்றே நினைத்திருக்கிறான். கண்ணாடியைத் துடைத்திருக்கிறான், தியேட்டரில் ஹீட்டர் போடச் சொல்லியிருக்கிறான், எதிரே வரும் லாரி வெளிச்சம் பூதாகாரமாகத் தெரிகிறதே என்று மாலையில் பைக் ஓட்டுவதை நிறுத்தியிருக்கிறான். அந்த வாரம்தான் தியேட்டரில் படத்தின் வலது இடது குறிப்பை மாற்றிப் போட்டுத் திட்டும் வாங்கியிருந்தான். கடைசி நிமிடத்தில் நர்ஸ் பார்த்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கோயமுத்தூருக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கண் டாக்டர் சின்ன வயதுப் பெண். லென்ஸைப் பார்த்துவிட்டு மூன்று கேள்வி கேட்டாள். சர்க்கரை இருக்கிறதா? இல்லை. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டதுண்டா? இல்லை. எக்ஸ்ரே பக்கத்தில் வேலையா? முருகேசன் தலையாட்டினான். இரண்டு கண்ணிலும் புரை, லென்ஸின் பின்பக்கத்தில் நடுவில் இருக்கிறது, இந்த வயதில் இந்த இடத்தில் வந்தால் கதிர்வீச்சைச் சந்தேகப்பட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். எழுதிவிட்டு, "சந்தேகம்னுதான் நான் எழுத முடியும். எவ்வளவு பட்டதுன்னு உங்க பேட்ஜ் ரெக்கார்டுதான் சொல்லணும்" என்றாள்.

தங்கச்சி, தம்பி, இந்த இடத்தை இரண்டு தரம் படியுங்கள். கண்ணிலோ தைராய்டிலோ ரத்தத்திலோ ஒன்று வந்தால், இது எக்ஸ்ரேயால் வந்தது என்று அதில் எழுதி ஒட்டியிருக்காது. அது எல்லாருக்கும் வரக்கூடியது, நமக்கும் வரும். எதனால் வந்தது என்பதற்கு நம் பக்கம் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பேட்ஜ். அந்தச் சாட்சியை நாமே உள்ளே போட்டுப் பூட்டிவிட்டு, சாவியையும் பத்திரமாக வைத்துக்கொள்கிறோம்.

இது பணியால் வந்த பாதிப்பு என்று ஏற்கும்படி முருகேசன் மனுக் கொடுத்தான். மூன்று பேர் குழு உட்கார்ந்தது. முன்னால் அவனுடைய ரெக்கார்டு. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். ஒரே ஒரு முறை பெரிய எண், அதற்குப் பின்னால் குத்தியிருந்த விளக்கம். என் கையெழுத்து, கீழே அவன் கையெழுத்து. என்னைக் கூப்பிட்டார்கள்.

"இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமாங்க."

"பேட்ஜை அறையில மறந்து வெச்சுட்டாருன்னு எழுதியிருக்கீங்க. உண்மைதானே?"

சுவரோரமாக நாற்காலியில் கறுப்புக் கண்ணாடி போட்டு முருகேசன் உட்கார்ந்திருந்தான். என் ஓய்வுக்கு மூன்று வருடம் பாக்கி. பொய் என்று சொன்னால் பொய் எழுதியவள் நான்.

"அப்ப அப்படித்தாங்க எழுதினோம்" என்றேன்.

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். அவர்கள் 'உறுதி செய்தார்' என்று எழுதிக்கொண்டார்கள். மனு தள்ளுபடியானது.

வெளியே வந்ததும் அவன் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். "படி எங்க இருக்குதுங்க அக்கா? கொஞ்சம் கை குடுங்க" என்றான். கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டேன். பதினாறு படி. ஒவ்வொரு படிக்கும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாகத் தியேட்டருக்குப் போய் அவனுடைய ஈயக் கவசத்தை எடுத்து வந்தேன். டேபிளில் விரித்து அதற்கு ஒரு எக்ஸ்ரே எடுத்தேன். வருடத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டிய காரியம், அதையும் நான்தான் செய்திருக்க வேண்டும். ஊரில் எத்தனையோ பேருடைய எலும்பு முறிவைப் பார்த்துச் சொன்னவள், இதை ஒரு தடவையும் எடுத்துப் பார்த்ததில்லை. படத்தில் மடிப்பு விழுந்த இடங்களில் எல்லாம் வெடிப்பு. ஒன்று நெஞ்சுக்கு நேர் குறுக்கே, விரல் நீளத்துக்குத் திறந்து கிடந்தது. பேட்ஜ் குத்தும் இடம். கவசம் கிழிந்துவிட்டது என்று அந்தப் பேட்ஜ் அன்றைக்கே எங்களுக்குச் சொல்லியிருக்கிறது. அதைத்தான் கவனக்குறைவு என்று எழுதி வாயை அடைத்தோம்.

அந்தப் படத்தை வைத்து, நான் எழுதியது பொய் என்று ஒப்புக்கொண்டு, கடிதம் எழுதினேன். இந்த முறை யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. கவசத்தில் இன்று காணும் வெடிப்பு அன்றும் இருந்தது என்பதற்கு ஆதாரமில்லை, ஊழியரே கையொப்பமிட்ட வாக்குமூலத்தை இப்போது மாற்ற இயலாது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். ஓய்வு பெறும் நாளில் எனக்கு மாலை போட்டு, அப்பழுக்கற்ற சேவை என்று பெரிய டாக்டர் பேசினார். அந்த மாலையை நான் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.

ஆபரேஷன் செய்தால் புரை சரியாகிவிடுமே என்பீர்கள். முருகேசனுக்கு ஒரு கண் நன்றாகவே தெளிந்தது. மற்றதில் ஆபரேஷனுக்குப் பிறகு விழித்திரை விலகி, இன்றைக்கு வெளிச்சம் மட்டும் தெரிகிறது. தியேட்டர் வேலை போய், பழைய கேஸ் பேப்பர்களை அடுக்கும் அறையில் இருக்கிறான்.

உங்கள் டிராயரைப் பார்த்துவிட்டு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஜெகதளாவில் அவன் வீட்டுக்குப் போனேன். மலருக்கு எழுதப்போவதைச் சொன்னேன். டீ கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

"எழுதுங்க. என்னயப் பாவம்னு மட்டும் எழுதாதீங்க."

"வேற என்னடா எழுதட்டும்?"

"எம் பேரப் போட்டு எழுதுங்கக்கா. கவனமில்லாதவன்னு என்ற சர்வீஸ் புக்குல இருக்குதுங்க. ரிட்டயர் ஆகறப்பவும் அது இருக்கும். கண்ணு போனதுகூடப் போவுதுங்க. அந்த ஏழு பேர்ல கவனமா இருந்தது நா ஒருத்தந்தானுங்களே? பேட்ஜு எங்க இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமல்லங்க. அத எழுதுங்க."

இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் டிராயரைத் திறவுங்கள். அவரவர் பேட்ஜை எடுத்துக் குத்திக்கொள்ளுங்கள். பெரிய எண் வரட்டும், கடிதம் வரட்டும், தியேட்டரை மூடட்டுமா என்று யாராவது உங்களைக் கேட்கட்டும். மூடுங்கள் என்று சொல்லுங்கள். கவனக்குறைவு என்று எழுதிய தாளை உங்கள் முன்னால் நீட்டுகிறவர் உங்கள்மேல் எவ்வளவு பாசம் உள்ளவராக இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். எனக்கும் முருகேசன்மேல் பாசம் இருந்தது.

இனி நான் அன்றே எழுதியிருக்க வேண்டிய விளக்கம்.

அந்த மழைக்காலத்தின் மூன்று மாதமும் முருகேசனின் பேட்ஜ் எக்ஸ்ரே அறையில் மறந்து விடப்படவில்லை. அது அவன் நெஞ்சில் இருந்தது. டிராயரில் கிடந்தவை மற்ற ஆறு. அவற்றில் ஒன்று என்னுடையது. இதை நானே எழுதி, படித்துப் பார்த்து, கையொப்பமிடுகிறேன்.